மூலைக்கொடி

க்ளின்வேருக்கும் ட்ரெஹார்னுக்கும் நடுவே
ஒரே ஒரு மலை, ஒரே ஒரு பேருந்து,
நூறு வருடத்துப் பங்காளிப் பகை.
பெண் எடுப்போம், பெண் கொடுப்போம்.
சுரங்கம் இடிந்தால் முதலில் ஓடி வருகிறவன்
மலைக்கு அந்தப் பக்கத்துக்காரன்தான்.
ஆனால் சனிக்கிழமை மதியம் இரண்டரை மணிக்கு
அவன் முகத்தில் விழிக்க மாட்டோம்.

எழுபத்தேழு, பிப்ரவரி.
மூன்று நாள் மழை குடித்துக் கிடந்த மைதானம்.
பதினைந்து கறுப்பும் பதினைந்து பச்சையும்
அரை மணி நேரத்தில் முப்பது பழுப்பு.
நம்மவன் யாரென்று
ஓடுகிற விதத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.
எனக்குப் பத்தொன்பது வயது,
கழுத்தில் கறுப்புத் துணி,
தகர ஆலையில் தாள் எண்ணும் வேலை.
அதனால் மைர்வெனுக்குக் கண் கூர்மை என்று ஊரில் ஒரு பெயர்.
மூலைக்கொடிக்குப் பின்னால்
கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

கடைசி நிமிடம். நாங்கள் மூன்று பாயிண்ட் முன்னால்.
பச்சையின் விங்கர் யூரிக் மாடோக்
பந்தை விலாவில் இடுக்கிக்கொண்டு
கோட்டோரமாகவே வந்தான்.
எங்கள் ஆட்கள் இரண்டு பேர்
அவன் இடுப்பில் தொங்கிக்கொண்டே வந்தார்கள்.
விழுந்தான். பந்து தரையில் பட்டது.
பட்டபோது கால் உள்ளேயா, வெளியேயா?
கோட்டு நடுவர் ஹேடன் பியூவின் கண் நிறையச் சேறு.
ஒரு நொடி, ஒரே நொடி, அவர் என்னைப் பார்த்தார்.
வெளியே என்று தலையை ஆட்டினேன்.
கொடி உயர்ந்தது.

உள்ளேதான் இருந்தது.
பூட்ஸுக்கும் கோட்டுக்கும் நடுவே
ஒரு தகரத் தாள் நுழையுமளவு
புல் இருந்தது.

அன்று ராத்திரி எங்கள் கிளப்பில்
சேப்பல் பாட்டை நான்கு குரலில் பாடினார்கள்.
நானும் பாடினேன், கொஞ்சம் சத்தமாகவே.
ட்ரெஹார்னில் ஒரு கிழட்டு நாய்க்கு
ஹேடன் என்று பெயர் வைத்தார்கள்.
அவர் சாகும்வரை
மலை தாண்டி முடிவெட்டப் போகவில்லை,
கத்தி இருக்கிற இடம் என்று.

பிறகு சுரங்கத்தை மூடினார்கள். ஆலையை மூடினார்கள்.
பிறகு தலைநகரில் யாரோ மேசை போட்டு உட்கார்ந்து
இரண்டு அணியையும் ஒன்றாக்கினார்கள்.
சட்டை கறுப்புமில்லை, பச்சையுமில்லை,
பல் ஆஸ்பத்திரிச் சுவரின் நிறம்.
நெஞ்சில் ஒரு வங்கியின் பெயர்.
இருக்கைக்கு எண் கொடுத்தது கணினி.
அதற்கு என்ன தெரியும்?
எனக்குப் பக்கத்தில் யூரிக்கைப் போட்டது.
இரண்டு முழங்காலும் எஃகு.
பை நிறைய டாஃபி.
முன்வரிசைப் பையன்களிடம்
ஆட்டம் தவறாமல் சொல்வான்:
"உள்ளே! கடவுள் சாட்சியா உள்ளே!"

பத்து வருடம் கேட்டேன்.
போன மாதம், மழை, இருபது பாயிண்ட் பின்னால்,
பாதிக் கூட்டம் எழுந்து போய்விட்டது.
ஃபிளாஸ்க் மூடியில் அவனுக்குத் தேநீர் ஊற்றும்போது
சொல்லிவிட்டேன்.

அவன் ஊதி ஊதிக் குடித்தான்.
"தெரியும் மைர்வென்.
கீழே கிடந்தவன் மேலேதானே பார்ப்பான்?
உன் தலை ஆடினதைப் பார்த்தேன்."
எனக்குக் கை நடுங்கியது. அவனுக்கு இல்லை.
"ஒரு பாயிண்ட்டில் ஜெயிச்சிருந்தா
ஈஸ்டருக்குள்ள மறந்திருப்பாங்க.
இன்னைக்கும் எனக்கு ஒருத்தன் பியர் வாங்கித் தர்றான்.
நீ வெளியே சொல்லித் தொலைக்காதே."

அப்போது எங்கள் புதுப் பையன் ஒருவன்
அதே மாதிரி மூலையில் விழுந்தான்.
பெரிய திரையில் ஆறு கோணத்தில் காட்டினார்கள்,
புல் புல்லாக, மெதுவாக.
உள்ளே. சந்தேகமே இல்லை.
கைதட்டினோம்.
அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

யூரிக் என் பக்கம் சாய்ந்தான்.
"வெளியேதான்" என்றான்.

"உள்ளே" என்றேன் நான்.

பேருந்து மலை ஏறி இறங்கும்வரை
இரண்டு பேரும் விடவில்லை.